ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்கள் கேட்கிறார்கள்

போன இதழில் பி.எட். படிப்பைப் பற்றி ஒரு வாசகிக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை எடுத்துப் பயிற்சி பெறும் பிள்ளைகளிடமிருந்து வந்தவை. உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி, பிறகு கல்வியியல் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் முறைக்கான வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் இந்த முறை மொத்தப் பக்கத்தையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: அம்மா, நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்தவள். இப்போது பி.எட். முதலாண்டு. மெத்தட்ஸ் (கற்பிக்கும் முறை) வகுப்பில் பாடத்திட்டம் (லெசன் பிளான்) எழுது, திருத்து, மறுபடி எழுது என்கிறார்கள். ஷேக்ஸ்பியரும் மில்டனும் படித்த எனக்கு ஏழாம் வகுப்புப் பாடம் நடத்த இவ்வளவு எழுத்து வேலை எதற்கு? இந்தப் பாடத்தில் அப்படி என்னதான் கற்கப் போகிறேன்?
— மாணவி, விழுப்புரம்

பதில்: உங்களுக்கு ஆங்கிலம் தெரியும். அந்த ஏழாம் வகுப்புப் பையனுக்குத் தெரியாது. அவனை எப்படித் தெரிந்தவனாக்குவது என்பதற்குத்தான் இந்தப் படிப்பு. இலக்கியப் படிப்பு அதைச் சொல்லித் தருவதில்லை.

உங்கள் பாடத்திட்ட நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குக் கல்லூரி கட்டங்கள் மாறும். ஆனால் ஆசிரியர் செயல்பாடு என்று ஒரு கட்டமும் மாணவர் செயல்பாடு என்று ஒரு கட்டமும் எல்லா நோட்டிலும் இருக்கும். ஆசிரியர் கட்டத்தை ஒரு தாளால் மூடிவிட்டு, மாணவர் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். என்ன இருக்கிறது? 'கவனிக்கிறார்கள். கவனிக்கிறார்கள். பதில் சொல்கிறார்கள். கவனிக்கிறார்கள். எழுதிக்கொள்கிறார்கள்.' இப்படித்தானே? என்னிடம் திருத்தத்துக்கு வந்த நோட்டுகளில் பெரும்பாலானவை முதல் முறை இப்படித்தான் இருக்கும். ஆசிரியர் கட்டம் நிரம்பி வழியும். கதை சொல்லியிருப்பார்கள், படம் காட்டியிருப்பார்கள், அருமையான விளக்கம் இருக்கும். அந்தப் பக்கம் பிள்ளைகள் நாற்பது நிமிடமும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலத்தைப் பழக வேண்டியது யார்? ஆசிரியருக்கு அது ஏற்கெனவே வரும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 'யூஸ்டு டு' நடத்துகிறீர்கள். 'மை கிராண்ட்மதர் யூஸ்டு டு லிவ் இன் மதுரை' என்று போர்டில் எழுதி விளக்கிவிட்டீர்கள். மாணவர் கட்டத்தில் என்ன எழுதுவது? 'ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட்டியைப் பற்றியோ தாத்தாவைப் பற்றியோ இதே மாதிரி இரண்டு வாக்கியம் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லும். ஒன்று உண்மை, ஒன்று பொய். எது பொய் என்று அந்தப் பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும்.' இதை எழுதிவிட்டீர்களானால், ஆசிரியர் கட்டத்தில் நீங்கள் எழுதியதில் பாதி தானாகவே தேவையில்லாமல் போய்விடும். என் மாணவர்கள் பலர் அந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பிப்பார்கள். பாடத்திட்டம் எழுதச் சொல்வது அந்த யோசனைக்காகத்தான்.

அப்புறம் 'நோக்கங்கள்' என்ற பகுதி. பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் 1956-ல் வெளியிட்ட கல்வி நோக்கங்களின் வகைப்பாடு, 2001-ல் அது திருத்தப்பட்டது, இதெல்லாம் பரீட்சைக்குப் படிப்பீர்கள். வகுப்பறைக்கு அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும்: 'மாணவர் புரிந்துகொள்வர்' என்று எழுதாதீர்கள். புரிந்ததை எந்தக் கண்ணால் பார்ப்பீர்கள்? 'தன் குடும்பத்தைப் பற்றி யூஸ்டு டு வைத்து மூன்று வாக்கியம் சொல்வர்' என்று எழுதினால், மணி அடிக்கும்போது அது நடந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதும் இந்தப் படிப்பில் வருவதுதான். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் 'புரிஞ்சுது மிஸ்' என்று சொல்லும். பிள்ளைகள் உங்கள் மனம் நோகாமல் இருக்கச் சொல்லும் பதில் அது. அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். 'பாட்டி இப்போது மதுரையில் இருக்கிறாளா?' என்று கேளுங்கள். 'நோ.' 'முன்பு இருந்தாளா?' 'எஸ்.' 'ஒரு நாள் மட்டும் போய்வந்தாளா, பல நாள் இருந்தாளா?' இந்த மூன்று குட்டிக் கேள்விக்கும் சரியான பதில் வந்தால் புரிந்துவிட்டது. 'எஸ், மதுரையில்தான் இருக்கா' என்று ஒரு குரல் வந்தால் அதுவும் நல்லதுதான். எங்கே திரும்பச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டதே.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள் என்று கண்டார். மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீளமாக வந்தன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அவர் பார்த்தது தாய்மொழியில் நடக்கும் வகுப்பு. நம் பிள்ளை கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும், பதிலைத் தமிழில் யோசிக்க வேண்டும், பிறகு அதை ஆங்கிலத்தில் கோக்க வேண்டும். அவனுக்கு ஒரு நொடி எந்த மூலைக்கு?

இலக்கியம் படித்தது வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். ஒரு கவிதையை உணர்ந்து வாய்விட்டு வாசிக்கத் தெரிந்த ஆசிரியர் கிடைப்பது அந்த வகுப்புக்குப் பெரிய பேறு. அந்தப் பேற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மைக்ரோ டீச்சிங்கில் கூடப் படிப்பவர்களையே குழந்தைகளாக உட்கார வைத்து ஆறு நிமிடம் பாடம் எடுக்கச் சொல்கிறார்கள். எல்லாருக்கும் விடை தெரியும். வெறும் நாடகமாகத் தோன்றுகிறது. இதனால் பயன் உண்டா?
— பயிற்சி மாணவர், நாமக்கல்

பதில்: உண்டு தம்பி, ஒழுங்காகச் செய்தால். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவர் குழுவினரும் இதைத் தொடங்கியபோது, நிஜ மாணவர்கள் சிலரைத்தான் உட்கார வைத்தார்கள். நம் கல்லூரிகளில் தினம் பிள்ளைகளை வரவழைக்க முடியாது என்பதால் சக மாணவர்களே அந்த இடத்தில் உட்காருகிறார்கள். இங்கே வழக்கத்தில் உள்ள சுழற்சி 36 நிமிடம்: 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் கருத்து, 12 நிமிடம் திட்டத்தை மாற்றி எழுத, 6 நிமிடம் மறுபடி பாடம், 6 நிமிடம் மறுபடி கருத்து.

இதில் உயிரான பகுதி அந்த 12 நிமிடமும் இரண்டாவது முறை எடுக்கும் பாடமும்தான். நேரம் போதவில்லை என்று பல இடங்களில் அதைத்தான் வெட்டிவிடுகிறார்கள். ஒரு முறை எடுத்து, கைதட்டி, அடுத்த ஆளைக் கூப்பிட்டால் நீங்கள் சொல்வது போல அது நாடகம்தான். உங்கள் குழுவில் ஐந்து பேராவது சேர்ந்து சாயங்காலம் உட்கார்ந்து முழுச் சுழற்சியையும் செய்யுங்கள்.

இன்னொன்று. கருத்து சொல்கிறவர் 'நல்லா இருந்துச்சு, கொஞ்சம் சத்தமாப் பேசலாம்' என்று சொல்லி உட்காரக் கூடாது. கேள்வி கேட்கும் திறனைப் பயில்கிறீர்கள் என்றால், ஒருவர் தாளில் கோடு போட்டு எண்ண வேண்டும். எத்தனை கேள்விக்கு 'எஸ்', 'நோ' என்று ஒற்றைச் சொல் போதுமாக இருந்தது, எத்தனை கேள்வி யோசிக்க வைத்தது, எந்தப் பக்கத்து ஆட்களிடமே திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். பெரும்பாலும் நாம் கை தூக்குகிறவர்களையும், நமக்கு வலது புறமோ இடது புறமோ ஒரு பக்கத்தில் இருப்பவர்களையும் மட்டுமே பார்க்கிறோம். கோடு போட்ட தாளைப் பார்க்கும்வரை இது நமக்குத் தெரியாது. மாணவராக நடிப்பவர்களிடமும் ஒன்று சொல்லுங்கள்: ஒருவர் தமிழிலேயே பதில் சொல்லட்டும், ஒருவர் வாயே திறக்கக் கூடாது, ஒருவர் தப்பாகச் சொல்லட்டும். பள்ளியில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த வகுப்புதான்.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் எழுதி முடித்த பாடத்திட்ட ரெக்கார்டு விற்கிறார்கள். வாங்கிக் காப்பி எடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: வேண்டாம். இன்னொருவர் எழுதிய பாடத்திட்டம் அவர் பார்த்த வகுப்புக்கானது. அதுவும் பத்துக் கை மாறி வந்ததாக இருக்கும். அந்த நேரத்தில் ஒரே ஒரு பாடத்தை நீங்களே யோசித்து எழுதினால் அதுதான் உங்களுக்கு வேலை கற்றுத் தரும்.

கேள்வி: அரசுப் பள்ளியில் இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். எங்கள் கல்லூரி மேடம், வகுப்பில் ஒரு வார்த்தை தமிழ் வரக் கூடாது என்கிறார். பள்ளியில் என் வழிகாட்டி ஆசிரியரோ, தமிழில் சொன்னால்தான் ஏறும், நேரத்தை வீணாக்காதே என்கிறார். இருவரும் சேர்ந்து வகுப்பைப் பார்க்க வந்தால் நான் என்ன செய்வது?
— இரண்டாமாண்டு மாணவி, திருவண்ணாமலை

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு காட்சி சொல்கிறேன். பெரியகுளம் பக்கம் ஒரு பள்ளியில் என் மாணவி ஒருத்தி எட்டாம் வகுப்புக்குக் கதை நடத்திக்கொண்டிருந்தாள். 'ஜெலஸ்' என்ற சொல் வந்தது. ஆங்கிலத்திலேயே விளக்கினாள், முகத்தில் நடித்துக் காட்டினாள், இன்னும் கடினமான இரண்டு சொற்களைப் போட்டு மறுபடி விளக்கினாள். பிள்ளைகள் விழித்தார்கள். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். எனக்கு முன்னால் இருந்த சிறுமி பக்கத்தில் இருந்தவளிடம் 'பொறாமைடி' என்று கிசுகிசுத்தாள். அது அப்படியே பெஞ்சு பெஞ்சாக முன்னால் போய்ச் சேர்ந்தது. என் மாணவியின் காதிலும் விழுந்தது. அவள் சிரித்துவிட்டு, 'எஸ்! ஹூ இஸ் ஜெலஸ் இன் திஸ் ஸ்டோரி? ஹவ் டூ யூ நோ?' என்று கேட்டாள். உடனே நாலு கைகள் உயர்ந்தன. அந்த ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பிறகு வந்த ஐந்து நிமிடமும் ஆங்கிலம்தான்.

தமிழை எங்கே பயன்படுத்துவது என்பதற்கு இதுவே போதும். படமாகவோ பொருளாகவோ காட்ட முடியாத சொல்லுக்கு, பிள்ளைகள் முதல் முறை செய்யும் விளையாட்டின் விதியைச் சொல்வதற்கு, அழுகிற பிள்ளையிடம் பேசுவதற்கு, தாராளமாகத் தமிழ். 1967-லேயே வேல்ஸ் நாட்டில் பணியாற்றிய டாட்சன் இருமொழி முறை என்று ஒன்றை முன்வைத்தார். அதில் பொருளை ஆசிரியர் தாய்மொழியில் சட்டென்று கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தையெல்லாம் புதிய மொழியில் பயிற்சிக்கு வைத்துக்கொள்வார். 2005-ன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் பிள்ளைகளின் பல மொழிகளை வகுப்புக்கான வளமாகத்தான் பார்க்கிறது. உங்கள் மேடத்திடம் இதைப் பணிவாகச் சொல்லலாம்.

எங்கே கூடாது? வரிக்கு வரி ஆங்கிலத்தில் வாசித்து வரிக்கு வரி தமிழில் சொல்வது. உங்கள் வழிகாட்டி ஆசிரியர் அதைத்தான் சொல்கிறார் என்றால் அதை ஏற்காதீர்கள். இரண்டு நாளில் பிள்ளைகள் ஆங்கில வரி ஓடும்போது ஜன்னலைப் பார்க்கவும், தமிழ் வரும்போது நிமிரவும் பழகிக்கொள்வார்கள். அதே போல 'ஓபன் யுவர் புக்ஸ்', 'வொர்க் இன் பேர்ஸ்', 'கம் டு தி போர்டு' மாதிரி தினம் வருகிற கட்டளைகளுக்குத் தமிழ் வேண்டவே வேண்டாம். சொல்லும்போது கையால் காட்டுங்கள். ஒரு வாரத்தில் கை தேவைப்படாது. அந்த வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் காதில் விழும் ஒரே இடம் உங்கள் பீரியட்தான் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: இலக்கண மொழிபெயர்ப்பு முறை, நேரடி முறை, அமைப்பு முறை, கருத்துப் பரிமாற்ற முறை... எது சிறந்தது என்று ஒரே வரியில் சொல்லுங்களேன்.
— பயிற்சி மாணவர், சிவகங்கை

பதில்: ஒரே வரியில் சொல்லத்தான் ஆசை, முடியவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது.

1950-களில் சென்னை மாநிலத்தில் அமைப்பு முறை வந்தது. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லவைத்துப் பழக்குவது. போர்டில் போடுகிற மாற்று அட்டவணை அதனுடையதுதான். நாலு பத்தி, பத்திக்கு நாலு சொல் எழுதினால், எந்தப் பத்தியில் எதை எடுத்தாலும் வாக்கியம் சரியாக வரும். மொத்தம் 256 வாக்கியம் கிடைக்கும். ஆங்கிலம் பேசப் பயந்த பிள்ளைக்குத் தப்பில்லாத வாக்கியம் வாயில் வந்தது பெரிய தைரியம். ஆனால் அர்த்தம் தெரியாமலேயே 256-ஐயும் சொல்லிவிட முடியும் என்பதுதான் அதன் குறை.

அந்தக் குறையைக் கண்டு வேறு வழி தேடியவர் என்.எஸ்.பிரபு. பெங்களூரின் வட்டார ஆங்கில நிறுவனத்திலிருந்து 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அவரும் சக ஆசிரியர்களும் ஒரு சோதனை செய்தார்கள். இலக்கண வரிசையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் புதிர் போன்ற வேலைகள் கொடுத்தார்கள். கால அட்டவணையைப் பார்த்து எந்த ரயிலில் போகலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது. முதலில் அதே மாதிரி ஒரு வேலையை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து பேசியே முடிப்பார். பிறகு பிள்ளைகள் தாங்களாகச் செய்வார்கள். கவனம் விடையில் இருக்கும், ஆங்கிலம் அதன் போக்கில் ஏறும் என்பது அவர் நம்பிக்கை. இன்று உலகம் முழுக்கப் பணிவழிக் கற்றல் என்று பேசுகிறவர்கள் பெங்களூரில் நடந்த இந்த முயற்சியைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. நம் பயிற்சி மாணவர்கள் அவரைப் பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் பெயராக மட்டும் தெரிந்துவைத்திருப்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

இவ்வளவு செய்த அதே பிரபு 1990-ல் எழுதிய கட்டுரையில், சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்று வாதிட்டார். எது எப்படிக் கற்றலை உண்டாக்குகிறது என்று ஆசிரியருக்குள் ஒரு நம்பிக்கை இருக்க வேண்டும், அது அனுபவத்தில் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், இயந்திரம் போல நடத்துவதுதான் உண்மையான ஆபத்து என்பது அவர் சொன்னதன் சாரம்.

ஆகவே பரீட்சையில் எல்லா முறைகளின் நிறை குறைகளையும் எழுதுங்கள். வகுப்பில் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாற்று அட்டவணையையே போர்டில் போட்டு, 'உன் விஷயத்தில் உண்மையாக இருக்கும் வாக்கியங்களை மட்டும் சொல்' என்று ஒரு நிபந்தனை வையுங்கள். இப்போது படிக்காமல், யோசிக்காமல் ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியாது. பழைய கருவி, புதிய வேலை.

கேள்வி: எனக்கு ஒதுக்கிய எட்டாம் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க வரவில்லை. மெத்தட்ஸ் வகுப்பில் உரைநடை எப்படி நடத்துவது, கவிதை எப்படி நடத்துவது என்று சொன்னார்கள். இதற்கு எதுவும் சொல்லவில்லை. வகுப்புக்குப் போகவே கஷ்டமாக இருக்கிறது அம்மா.
— இன்டர்ன்ஷிப் ஆசிரியை, தருமபுரி

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். நம் பி.எட். பாடத்தில் உள்ள பெரிய ஓட்டை இது. உயர்நிலை வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு மீதியை எழுதியிருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் தமிழக அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியபோது ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை எடுத்துக்கொண்டார்கள். அப்போதே அதைத் தாண்டிவிட்ட பிள்ளைகள் பலர் தங்கள் இடைவெளியோடு மேல் வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

முதலில் அந்தப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று தனித்தனியாகப் பாருங்கள். எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லி அல்ல. இடைவேளையில், மரத்தடியில், ஒருவர் ஒருவராக. எழுத்தின் பெயர் தெரியும், ஒலி தெரியாது என்பதுதான் பெரும்பாலும் சிக்கல். தமிழில் 'ப' என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. எழுத்துகளைச் சேர்த்துச் சொன்னால் சொல் வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் பிள்ளை 'சீ, ஏ, டீ' என்று சேர்த்துப் பார்க்கிறது. 'சீயேடீ' என்றுதான் வருமே ஒழிய 'கேட்' வராது. பிள்ளை செய்வது தமிழில் முற்றிலும் சரியான வேலை. ஆங்கிலம் அதற்கு ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான். இதை அந்தப் பிள்ளைகளிடமே சொல்லுங்கள். தான் மக்கு இல்லை என்று தெரிந்த பிள்ளைதான் அடுத்த சொல்லை முயற்சி செய்யும்.

பிறகு ஒலியிலிருந்து தொடங்குங்கள். எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலிகளை முதலில் கொடுப்பது ஒலிவழி வாசிப்பில் நன்கு பழகிய வரிசை. காரணம், இந்த ஆறை வைத்தே சாட், டாப், பின், நாப், சிப் என்று நிறையச் சிறு சொற்களை வாசித்துவிடலாம். முதல் நாளே 'நான் வாசித்துவிட்டேன்' என்ற சந்தோஷம் கிடைத்துவிடும். பழைய காலண்டர் அட்டையை வெட்டி எழுத்துகள் செய்துகொள்ளுங்கள். தினம் பத்து நிமிடம், பீரியடின் தொடக்கத்தில், மற்றவர்கள் முந்தைய நாள் பாடத்திலிருந்து ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது செய்யலாம். 'தி' (the), 'வாஸ்' (was), 'செட்' (said) மாதிரி ஒலிக்கு அடங்காத சொற்களை வாரத்துக்கு நாலைந்து என்று அட்டையில் எழுதி, பார்த்தவுடன் சொல்லப் பழக்குங்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது பதின்மூன்று என்பதை மறக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளின் படப் பாட்டைக் கொடுத்தால் கூசிப்போவான். கபடி, பஸ் பெயர்ப்பலகை, மொபைல் திரையில் வரும் சொற்கள், அவன் ஊரின் பெயர், அவன் பெயர் என்று அவன் உலகத்துச் சொற்களையே அட்டையில் எழுதுங்கள். பாட நேரத்தில் அவர்களை ஒதுக்கியும் வைக்காதீர்கள். வாசிக்க வராதவன் கேட்டுப் புரிந்துகொண்டு பேச முடியும். வாய்மொழிக் கேள்வியில் அவனுக்கும் பங்கு கொடுங்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014 விதிமுறைகளின்படி இரண்டாண்டு பி.எட்.டில் இன்டர்ன்ஷிப் மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாமாண்டில். பதினாறு வாரத்தில் எல்லாரும் சரளமாக வாசித்துவிட மாட்டார்கள். ஆனால் சிலர் முதல் பத்தியைத் தாங்களாகவே வாசிப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பேச்சு வாடை என் ஆங்கிலத்தில் அடிக்கிறது என்று கேலி செய்கிறார்கள். நான் ஆங்கில ஆசிரியையாக ஆகலாமா?
— மாணவி, ராமநாதபுரம்

பதில்: தாராளமாக ஆகலாம். யாருடைய ஆங்கிலத்திலும் ஏதோ ஒரு ஊர் இருக்கும். நீங்கள் லண்டன்காரராக மாற வேண்டியதில்லை. கேட்கிறவருக்குச் சொல் விளங்க வேண்டும், அது போதும். அதற்குச் சிலவற்றை மட்டும் கவனியுங்கள். 'புக்கு', 'கப்பு', 'பஸ்ஸு' என்று கடைசியில் ஒட்டும் உகரத்தை விடுங்கள். 'பின்', 'பின்' என்று நாம் ஒரே எழுத்தால் எழுதினாலும் குத்துகிற பின்னும் குப்பைத் தொட்டியான பின்னும் வேறு வேறு ஒலிகள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் சேரும்; தொண்டையில் கை வைத்துப் பாருங்கள், ஒன்றில் அதிரும். 'வாக்கெட்', 'ஜம்ப்பெட்' இல்லை, 'வாக்ட்', 'ஜம்ப்ட்'. அந்த முடிவு தனி அசையாக ஒலிப்பது 'வான்டெட்', 'நீடெட்' போல t அல்லது d ஒலியில் முடியும் வினைகளுக்கு மட்டும்தான். மொபைல் அகராதியில் ஒலி கேட்கும் வசதி இருக்கிறது. மறுநாள் பாடத்தில் வரும் சொற்களை முதல் நாள் இரவே கேட்டு, நாலு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். கேலி செய்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

கேள்வி: நாற்பது நோட்டுகளைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுக்கிறேன். அடுத்த வாரம் அதே தவறுகள்! எங்கே பிசகு?
— பயிற்சி ஆசிரியர், கடலூர்

பதில்: முழுப் பக்கமும் சிவப்பானால் பிள்ளை எதையும் பார்க்காது, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடும். மொழியியலாளர் பிட் கார்டர் 1967-ல் எழுதிய கட்டுரையிலிருந்து ஆசிரியர்கள் கற்றுக்கொண்டது, பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதைத் தவறுகள் காட்டும் என்பது. 'மை ஃபாதர் ஃபார்மர்' என்று எழுதியிருந்தால் 'என் அப்பா விவசாயி' என்பதை அப்படியே கொண்டுவந்திருக்கிறான். தமிழில் அங்கே வினை தேவையில்லை. 'கேட்ச்ட்', 'டீச்ட்' என்று எழுதியிருந்தால் இறந்தகால விதியைப் பிடித்துவிட்டான், விதிவிலக்குகள்தான் பாக்கி. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

இந்த வாரம் ஒரே ஒரு வகையை எடுங்கள். அந்த 'இஸ்' விடுபடுவதையே எடுங்கள். வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள், சரியானதை நீங்கள் எழுதாதீர்கள். வகுப்பில் ஐந்து நிமிடம் கொடுத்து, பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து தாங்களே கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லுங்கள். மற்ற தவறுகள் அப்படியே இருக்கட்டும். பெற்றோர் கேட்டால், இந்த வாரம் இதைத்தான் திருத்துகிறோம் என்று நோட்டின் மேலே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் எங்களுக்குக் கமிஷன், அதாவது வெளித் தேர்வாளர் வந்து பார்க்கும் செய்முறைத் தேர்வு. அன்று கவிதை எடுக்கலாமா, இலக்கணம் எடுக்கலாமா? பயத்தில் தூக்கம் வரவில்லை.
— இரண்டாமாண்டு மாணவர்கள், புதுக்கோட்டை

பதில்: எதை எடுத்தால் பிள்ளைகள் அதிகம் பேசுவார்களோ அதை எடுங்கள். கவிதை என்றால் விளக்கத்துக்குப் போகும் முன் இரண்டு முறையாவது முழுசாக வாய்விட்டு வாசியுங்கள். பலர் முதல் வரியிலேயே நின்று அர்த்தம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். அதே பாடத்தை அதே வகுப்புக்கு முந்தின நாள் ஒத்திகை பார்க்காதீர்கள். நீங்கள் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் பதில் சொல்லிவிடுவார்கள், வந்திருக்கும் தேர்வாளருக்கு உடனே தெரிந்துவிடும். பாடத்தில் பதினைந்து கடினமான சொற்கள் இருந்தால் பதினைந்தையும் போர்டில் எழுத வேண்டாம். கதை புரியத் தேவையான ஐந்தை எடுங்கள். மற்றதை இடம் பார்த்து ஊகிக்கச் சொல்லுங்கள்.

முந்தின நாள் சாயங்காலம் அந்த வகுப்பறைக்குப் போய்ப் போர்டில் இரண்டு வரி எழுதிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள், எழுத்தின் அளவு அப்போது தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் போர்டின் எந்தப் பக்கம் பளபளக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். சார்ட் மாட்ட ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நூலும் இரண்டு கிளிப்பும் கொண்டுபோங்கள், ஒரு சாக்பீஸ் பெட்டியும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.